பூச்சாடியில் புல் கதிர்: வாசகர் கேள்வி – பதில்

பூ அலங்காரத்தில் புல் வகைகளைச் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக் கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மண்டப அலங்காரத்துக்குக் கொள்ளிடக் கரையிலிருந்து நாணல் வெட்டி வந்து பெரிய பானைகளில் வைத்தோம். முதல் நாள் மாலை பிரமாதமாக இருந்தது. மறுநாள் முகூர்த்த நேரத்தில் ஃபேன் காற்றுக்குப் பஞ்சு பறந்து பட்டுப்புடவைகளிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஹேர் ஸ்பிரே அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
– அலங்காரத் தொழில் செய்பவர், கும்பகோணம்

பதில்: ஒரு வாரம் முன்னதாக அறுத்திருக்க வேண்டும். புல் கதிர் அலங்காரத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அறுக்கும் பருவத்தைத் தவறவிடுவதால் வருபவை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நாணல் வெள்ளைவெளேரென்று விரிந்து கரையெல்லாம் பூத்து நிற்கும்போதுதான் நம் கண்ணில் படுகிறது. செடிக்கோ அது விதையை அனுப்பும் நேரம். ஒவ்வொரு விதையையும் சுற்றியிருக்கும் பட்டு மயிர், காற்றில் பறப்பதற்காகவே இருப்பது. விதை முற்றியதும் காம்பின் மூட்டு தானாகவே விடுபடும். அந்த நிலையில் எத்தனை முறை ஸ்பிரே அடித்தாலும் பயனில்லை. மேல்பூச்சு மயிரை ஒட்டிப் பிடிக்குமே தவிர, அடியில் விட்டுப்போன மூட்டை இணைக்காது.

நீங்கள் தேட வேண்டியது வெள்ளைக் கதிரை அல்ல. கடைசி இலையான கண்ணாடி இலையின் உறைக்குள்ளிருந்து பாதி முதல் முக்கால் பங்கு வரை வெளியே வந்த கதிர்தான் வேண்டும். அது பார்க்க ஒல்லியாக, இறுக்கமாக, லேசான ஊதா கலந்த வெள்ளி நிறத்தில், ஈரப் பட்டுநூல் போல மினுமினுக்கும். விரலால் உருவினால் ஒன்றும் கையோடு வரக் கூடாது. வந்தால் அந்தக் கதிரை விட்டுவிடுங்கள். இளங்கதிரை வெட்டி, உறையை உரித்து, நிழலில் இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் உலர உலரத் தானே விரியும். கரையில் பார்த்த அளவு பருமனாக வராது, ஆனால் உதிராது. முகூர்த்தத்துக்கு 5 முதல் 7 நாள் முன்பு அறுப்பது சரியாக இருக்கும்.

ஸ்பிரே தேவைதான், ஆனால் அது காப்பு மட்டுமே. கதிர் நன்றாக உலர்ந்த பிறகு, ஒன்றரை அடி தள்ளி நின்று, மெல்லியதாக ஒரு சுற்று அடியுங்கள். அது காய்ந்ததும் இன்னொரு சுற்று. அருகில் வைத்து அடித்தால் மயிர்கள் கற்றையாக ஒட்டி, நனைந்த பூனை வால் போல ஆகிவிடும்.

மண்டபத்தில் வேலை செய்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலர்ந்த நாணல் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். ஹோம குண்டம், குத்துவிளக்கு, ஆரத்திக் கற்பூரம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 10 அடியாவது தள்ளி வையுங்கள். அதற்கு இடம் இல்லாத மேடை என்றால் நாணலை விட்டுவிட்டுப் பச்சைத் தினைக் கதிரையோ பச்சை நெற்கதிரையோ பயன்படுத்துங்கள். ஆற்றங்கரையில் வெட்டும்போது கதிர்த் தண்டை மட்டும் வெட்டுங்கள். கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவது அடியில் இருக்கும் தூர்தான்.

கேள்வி: மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து பைகளில் செடி வளர்க்கிறேன். பூச்சாடிக்கென்று புல் வளர்க்க ஆசை. ஆன்லைனில் வெளிநாட்டு விதைகள் விலை அதிகம். இங்கே கிடைப்பதில் எதை விதைக்கலாம்?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: வெளிநாட்டு விதை தேவையில்லை, நம் ஊர்ச் சிறுதானியங்களே போதும். தினை, சாமை, கம்பு மூன்றுமே பூச்சாடிக்கு அருமையான கதிர் தருபவை. மேல்நாடுகளில் கொய்மலராக விற்கும் புல் வகைகளில் தினையின் அலங்கார ரகங்களும் உண்டு. ஊதா இலைக் கம்பு ரகமான 'பர்ப்பிள் மெஜஸ்டி', அமெரிக்காவில் புதிய செடி ரகங்களுக்குத் தரும் 2003-ஆம் ஆண்டுக்கான ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் தங்கப் பதக்கம் பெற்றது.

வாங்கும்போது தவறு நடப்பது தினையிலும் சாமையிலும்தான். சமைப்பதற்கு விற்பது தோல் நீக்கிய அரிசி. அதை விதைத்தால் முளைக்காது. தோலோடு இருக்கும் முழுத்தானியம் வேண்டும். வளர்ப்புப் பறவைகளுக்குத் தீனி விற்கும் கடையில் தோலோடு தினை கிடைக்கும். சாமைக்கு விதைக் கடைதான் நல்லது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையத்திலும் விசாரிக்கலாம். கம்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. தீட்டாத, வறுக்காத கம்பாக இருந்தால் முளைக்கும். எதை வாங்கினாலும் முதலில் 20 மணிகளை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். மூன்று நாளில் 14, 15 முளைத்தால் நம்பி விதைக்கலாம்.

12 அங்குலப் பையில் தினை என்றால் 10 முதல் 12 செடி விடுங்கள். தானியத்துக்கு வளர்க்கும்போது இவ்வளவு நெருக்கம் கூடாது. சாடிக்கோ நெருக்கம்தான் நல்லது, தண்டு மெலிந்து நீளும், கதிர் ஒரு சாண் நீளத்தில் நளினமாக வளையும். இடைவெளி விட்டால் கதிர் பூனைக்குட்டி அளவுக்குத் தடித்துச் சாடியையே கவிழ்க்கும். கம்பு உயரமாகப் போகும். அதே பையில் 5 செடி போதும். காற்று அடிக்கும் மாடி என்றால் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடுங்கள். உரம் அளவோடு இருக்கட்டும். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருக்கும், தண்டு தளர்ந்து சாயும்.

தினையும் சாமையும் விதைத்த 50 நாளையொட்டிக் கதிர் தள்ளும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரே வாரத்தில் கதிர் வந்து தீர்ந்துவிடும். 15 நாளுக்கு ஒருமுறை மூன்று பை வீதம் விதைத்துக்கொண்டே போனால் வீட்டில் எப்போதும் கதிர் இருக்கும். வீட்டு விசேஷம் ஏதாவது குறித்த தேதியில் வருகிறதென்றால், அதற்கு 60, 55, 50 நாள் முன்பு என மூன்று தவணையாக விதையுங்கள். வெயிலும் மேகமூட்டமும் கணக்கை நாலைந்து நாள் மாற்றும், ஏதாவது ஒரு தவணை சரியாக அமையும்.

அறுவடைப் பருவம் ஒவ்வொன்றுக்கும் வேறு. தினையைக் கதிர் முழுவதும் வெளியே வந்ததிலிருந்து பால் பிடிக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் அறுக்கலாம், இரண்டு வாரம் கையில் இருக்கிறது. கம்புக்கு அந்த அவகாசம் கிடையாது. கதிர் வெளிவந்த சில நாளில் அதன்மேல் வெண்ணிற மெல்லிய மயிர்கள் நீட்டிக்கொண்டு நிற்கும், அவை சூல்முடிகள். அப்போதே அறுத்துவிட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாளில் மஞ்சள் மகரந்தப் பைகள் தொங்கத் தொடங்கினால் மேசை விரிப்பெல்லாம் பொடி கொட்டும். சாமையைக் கதிர்க் கிளைகள் பிரிந்து புகைபோல விரிந்ததும், மணி பச்சையாக இருக்கும்போதே எடுங்கள். வெளிநாட்டுக் கொத்துகளில் பூக்களுக்கு நடுவே மெல்லிய மூட்டம்போல் தெரியும் புல் உண்டல்லவா, அந்தத் தோற்றத்தை நம் ஊர்ச் சாமை அப்படியே தரும். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வளர்க்க முடியும் என்றால் சாமையை வளருங்கள். பச்சையாகவே அறுப்பதால் கிளி, சிட்டுக்குருவித் தொல்லையும் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: புல்லைச் சாடியில் வைத்தால் இரண்டே நாளில் தண்ணீர் நாறுகிறது. இலைகள் சுருண்டு ஊசிபோல் ஆகிவிடுகின்றன. கதிர் மட்டும் நன்றாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இலையை எடுத்துவிடுங்கள். புல்லின் இலை வெட்டிய சில மணி நேரத்திலேயே நீரை இழந்து சுருளும், எந்த மருந்தும் அதைத் தடுக்காது. கதிருக்குக் கீழே ஒரே ஒரு இலை அழகுக்கு இருக்கலாம். அதுவும் சுருண்டதும் கிள்ளிவிட வேண்டும்.

நாற்றத்துக்குக் காரணம் இலை உறை. புல் இலையின் அடிப்பகுதி தண்டைக் குழாய்போலச் சுற்றியிருக்கும். இலையை மட்டும் கிள்ளி உறையை விட்டுவிட்டால், உறைக்கும் தண்டுக்கும் நடுவே தேங்கும் நீரில் கிருமி பெருகும். கணுவரை உறையைக் கிழித்து முழுதாக உரியுங்கள். உள்ளே தண்டு வழவழவென்று பளிச்சென இருக்க வேண்டும். உரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புல் இலை ஓரத்தில் சிலிக்கா நிறைந்த நுண் பற்கள் உண்டு, ரத்தம் வருவது பிறகுதான் தெரியும்.

காலை 8 மணிக்குள் வெட்டி, உடனே நான்கு அங்குலத் தண்ணீருள்ள வாளியில் நிழலில் நான்கு மணி நேரமாவது நிறுத்துங்கள். அதன்பின் கூரிய கத்தியால் இரண்டு கணுக்களுக்கு நடுவில் சாய்வாக வெட்டிச் சாடிக்கு மாற்றுங்கள். மழுங்கிய கத்தரிக்கோல் உள்ளீடற்ற தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய குழாய்களில் நீர் ஏறாது. சாடியில் இரண்டு மூன்று அங்குலம் நீர் போதும். ஒரு லிட்டருக்கு வீட்டு பிளீச் திரவம் 20 சொட்டு விடலாம். புல்லுக்குச் சர்க்கரை தேவையில்லை. எலுமிச்சைச் சாற்றையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், குளோரின் வாயு வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி அரை அங்குலம் அடியில் வெட்டிவிட்டால் தினையும் சாமையும் பத்து நாள் வரை நிற்கும்.

கேள்வி: ஓயாசிஸ் எனப்படும் பச்சை ஃபோமில் புல் தண்டு நிற்க மாட்டேன் என்கிறது. குத்தும்போதே மடங்குகிறது. வேறு வழி உண்டா?
– பூக்கடை நடத்துபவர், நாகர்கோவில்

பதில்: உண்டு. ஃபோமை விட்டுவிடச் சொல்வோம். அது மக்காத பிளாஸ்டிக், கழுவும்போது தூளாகிச் சாக்கடை வழியே நீர்நிலைக்குப் போகிறது. விருப்பமில்லாமல் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால், முதலில் ஒரு தென்னை ஈர்க்கால் துளை போட்டு, பிறகு புல்லைச் செருகுங்கள். ஒரு முறை குத்திய தண்டைச் சற்று மேலே இழுத்துச் சரிசெய்யாதீர்கள், அடியில் காற்றுப்பை விழுந்து நீர் ஏறுவது நின்றுவிடும்.

அகன்ற வாய்ச் சாடிக்குக் கோழிவலை சிறந்தது. சாடியின் வாயைப் போல மூன்று மடங்கு அகலத்துக்கு வலையை வெட்டி, பந்தாகச் சுருட்டி உள்ளே இறக்குங்கள். தண்டு இரண்டு மூன்று அடுக்குக் கண்ணிகளைத் தாண்டி இறங்கும்போது தானே நிற்கும். தட்டையான பாத்திரத்துக்கு ஜப்பானியர்களின் ஊசித் தட்டான கென்சான், நம் கடைகளில் பின் ஹோல்டர் என்று கேட்டால் தருவார்கள். அதில் மெல்லிய புல் தண்டு ஊசிகளுக்கு நடுவே நழுவும். உள்ளே துளையுள்ள தடித்த தண்டில் ஓர் அங்குலத் துண்டை வெட்டி, அதன் துளைக்குள் புல்லைச் செருகி, அந்தத் துண்டோடு ஊசிமேல் குத்துங்கள். அசையாது.

கேள்வி: எத்தனை பூவுக்கு எத்தனை புல்? நான் வைத்தால் வைக்கோல் போர் மாதிரி ஆகிவிடுகிறது.
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: ஒரு கொத்தைக் கணக்கோடு சொல்கிறோம், அதைச் செய்து பார்த்துவிட்டு உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். எட்டு அங்குல உயரம், நான்கு அங்குல வாய் உள்ள சாடி. ஆரஞ்சு ஜெர்பரா 7, சம்பங்கி 7 தண்டு, சாமை 9, பச்சைத் தினை 5.

முதலில் சாமையில் 5 தண்டைக் குறுக்கும் நெடுக்குமாக இறக்குங்கள். அவற்றின் தண்டுகள் பின்னிக்கொண்டு மற்றவற்றைத் தாங்கும் வலையாகிவிடும். அடுத்து ஜெர்பராவைச் சாடி விளிம்பிலிருந்து 8 முதல் 12 அங்குல உயரத்துக்குள் வெவ்வேறு மட்டத்தில் வையுங்கள். சம்பங்கியைப் பின்பக்கம். தினையை ஒரே பக்கமாக மூன்று, எதிர்ப்பக்கம் தாழ்வாக இரண்டு. ஒவ்வொன்றாகச் சம இடைவெளியில் குத்தினால்தான் வைக்கோல் தோற்றம் வருகிறது. மீதி நான்கு சாமையைக் கடைசியில், பூக்களுக்கு மேலே ஒரு கைவிரல் நீளம் தெரியும்படி விடுங்கள். கதிர் ஆடுவதற்கு அந்த இடம் வேண்டும். மொத்தத் தண்டுகளில் புல் பாதிக்கு மேல் போனால் பூ மறைந்துவிடும். சாமை போன்ற மெல்லியது என்றால் பாதி வரை போகலாம். தினை, கம்பு போன்ற தடித்த கதிர் என்றால் கால் பங்கோடு நிறுத்துங்கள்.

ஜெர்பராவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதன் தண்டும் ஆழமான நீரில் அழுகும், புல்லைப் போலவே குறைந்த நீர் போதும். ரோஜாவோ ஆழமான நீர் கேட்கும். ரோஜாவோடு புல் வைப்பதானால் நீருக்குள் போகும் பகுதியில் உறை துளியும் இல்லாமல் உரித்துவிட வேண்டும்.

நிறப்பொருத்தத்தில் எங்கள் கருத்து: நாணலோடு வெள்ளைப் பூ வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று மங்கவைக்கும். அடர்சிவப்புக் கோழிக்கொண்டையோடு வைத்துப் பாருங்கள். நர்சரிகளில் விற்கும் ஊதா ஃபவுண்டன் புல் கதிருக்கு வெள்ளைச் சாமந்தி எடுப்பு. தென்மாவட்டக் கரிசலில் விளையும் இருங்கு சோளத்தின் கருங்கதிர், மஞ்சள் சாமந்தியோடு சேர்ந்தால் வேறெந்தப் புல்லும் அருகே வர முடியாது. சோளத்திலிருந்து கழித்த இளம் பச்சை இலைகளை மட்டும் ஆடுமாடுகளுக்குப் போட்டுவிடாதீர்கள், அவற்றில் சயனைடு நஞ்சு உண்டாகும்.

பூவே இல்லாமல் கதிரை மட்டும் வைத்தாலும் அழகுதான். ஜப்பானில் இலையுதிர்காலப் பௌர்ணமியைப் பார்க்கும் நாளில் 'சுசுகி' என்ற புல்லின் கதிர்களைச் சாடியில் நிறுத்துவார்கள்.

கேள்வி: கதிர்களைக் காயவைத்து வருடம் முழுக்க வைக்கலாம் என்று நவம்பரில் கட்டித் தொங்கவிட்டேன். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. தப்பித்த சில கட்டுகளிலும் இப்போது வண்டு.
– வாசகர், சென்னை

பதில்: கறுப்புப் புள்ளி பூஞ்சை. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் கதிர் காய்வதற்கு முன் பூஞ்சை முந்திக்கொள்ளும். ஜனவரி இறுதி முதல் மே வரை காயவையுங்கள். மழை மாதத்தில் செய்தே தீர வேண்டுமென்றால் ஏ.சி. அறையில் 'டிரை' நிலையில் வைத்துத்தான் செய்ய முடியும். ஒரு கட்டில் 10 தண்டுக்கு மேல் வேண்டாம், நடுவிலிருப்பது காயாது. நூலுக்குப் பதில் ரப்பர் பேண்டு போடுங்கள். தண்டு காய்ந்து சுருங்கும்போது நூல் தளர்ந்து கதிர் விழும், ரப்பர் கூடவே இறுகும். இருட்டறையில் காய்ந்தால் பச்சை நிறம் ஓரளவு தங்கும், வெயிலில் காய்ந்தால் வைக்கோல் நிறமாகும். தினையின் இயற்கையான வளைவு வேண்டுமென்றால் தலைகீழாகத் தொங்கவிடாமல் வெறும் சாடியில் நிமிர்த்தி வையுங்கள். தண்டை ஒடித்தால் 'சடக்' என்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் ஆகும்.

வண்டு வந்தது தானிய மணி முற்றிய கதிரில்தான். பால் பிடிக்கும் முன்பே அறுத்திருந்தால் அதற்குத் தின்ன ஒன்றும் இருந்திருக்காது. இப்போது கைவசம் உள்ளதைப் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை அரை நாள் விட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த கதிர்மேல் ஈரம் படிந்து மறுபடியும் பூஞ்சை பிடிக்கும். வண்டின் முட்டையும் புழுவும் இதில் செத்துவிடும்.

கேள்வி: பம்பாஸ் புல் வளர்க்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். தென் அமெரிக்காவின் மிதவெப்பப் பகுதிகளைச் சேர்ந்த புல் அது. ஆள் உயரத்தைத் தாண்டிப் புதராகும், இலை கத்திபோல் அறுக்கும். ஆண், பெண் செடிகள் தனித்தனி. பருமனான கதிர் வருவது பெண் செடியில். விதையிலிருந்து வளர்த்தால் எது வரும் என்று கதிர் வரும்வரை தெரியாது. கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் தோட்டத்தைவிட்டுப் பரவிக் களையாகிவிட்டது. காய்ந்த கதிர் வாங்கிப் பயன்படுத்துங்கள், கழிக்கும்போது வெளியே வீசாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: எலுமிச்சைப் புல் இலையைக் கொத்தில் வைக்கலாமா? வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறது.
– வாசகி, கோவை

பதில்: எலுமிச்சைப் புல் பூப்பது அரிது என்பதால் மகரந்தப் பயம் பெரும்பாலும் இல்லை, ஆனால் அதன் வாசனை ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் ஒரு இலையைக் கசக்கிப் பாருங்கள். மற்ற இலைகளைப் போல இதுவும் சுருளும். ஐந்தாறு இலைகளைச் சேர்த்து வளையமாக மடித்து, அடியில் நூல் சுற்றி வைத்தால் சுருள்வது தெரியாது. கதிர் வகைகளில் மகரந்தம் கொட்டும் கம்பையும் பஞ்சு பறக்கும் நாணலையும் தவிர்த்துவிடுங்கள். மகரந்தப் பை வெளிவருமுன் அறுத்த தினையில் தொல்லை குறைவு. அதையும் படுக்கையறையில் வைக்காமல் கூடத்தில் வையுங்கள்.